மருந்தில்லாத ஊசியும் மாமன் சீரும்

கொடுமுடி
12-5-2024

அன்புள்ள தம்பி தம்பிதுரைக்கு,

அக்கா நாச்சியம்மாள் எழுதுவது. வெயில் ஆளை உரித்தாலும் நானும் உன் மச்சானும் நன்றாகவே இருக்கிறோம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி கலாமணி, தென்னைகள், மாடுகள் எல்லாரும் சுகமா?

நல்ல சேதி. நம் பெண் அக்ஷயாவுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. பெயர் மதன்குமார். காங்கேயம் பக்கத்துக் குடும்பம், கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கிறான். அவளே பேசிப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் நாங்கள் தலையாட்டினோம். ஆவணி முப்பது முகூர்த்தம்.

மாமன் சீர் உன்னுடையது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மாமன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு மணவறையை மூன்று சுற்று சுற்றி வந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். புகை விட்டுக்கொண்டு தானே நகர்ந்து வருகிற வண்டி ஒன்று இருக்கிறதாம், பெண் அதில் நின்று வந்தால் போதும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்கள். உன் மருமகள், "எங்க மாமா இருக்கறப்ப வண்டி எதுக்குங்க?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

நாம் பேசி ஏழு வருஷமாகிறது. அவளைப் பிசியோதெரபி படிக்க வைக்கப்போகிறேன் என்று நான் சொன்னதும், குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் சிரிக்க, "கால் அமுக்கி உடறதுக்கு நாலரை வருசம் படிக்கோணுமாக்கும்?" என்று நீ கேட்டாய். இனி உன்னோடு வாய் திறந்து பேசமாட்டேன் என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன். கோபம் ஆறு மாதத்தில் போய்விட்டது. சத்தியம் போகவில்லை, சாமி காரியம் அல்லவா. சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை என்று நீ கண்டுபிடித்துக் கடிதம் போட்டாயே, அந்த ஒரு புத்திக்காக உன்னைப் பாராட்டுகிறேன். போனில் குரல் அனுப்பினால் அதுவும் பேச்சு. அதில் தமிழ் அடிக்க எனக்கு வராது.

கல்யாணத்தன்றும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன். நீ வந்து தூக்கு.

வாய் திறக்காத அக்கா,
நாச்சியம்மாள்


பொள்ளாச்சி
25-5-2024

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

தம்பிதுரை வணக்கம். கடிதத்தைக் கலாமணி சத்தமாகப் படித்தாள். பாதியில் அவளும் அழுது நானும் அழுது, பால்காரர் வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்கும்படி ஆகிவிட்டது. சந்தோஷம்தான் அக்கா, வேறொன்றும் இல்லை.

தூக்குவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். தேங்காய் மூட்டை தூக்கி வளர்ந்த உடம்பு. மூன்று சுற்று என்ன, மண்டபத்தையே சுற்றி வருவேன். மருமகளின் எடை மட்டும் ஒரு வார்த்தை எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

எனக்கு உடம்பு கல் போல இருக்கிறது. இதை நின்றுகொண்டே எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும். நாற்காலியின் கால் ஒன்று உடைந்துவிட்டது.

பாசத்துடன் தம்பி,
தம்பிதுரை


கொடுமுடி
6-6-2024

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஜவுளி எடுத்தாகிவிட்டது. கலாமணிக்கு மாம்பழ நிறப் பட்டு, கையகலச் சரிகை.

உடைந்தது நாற்காலியின் காலா, உன் இடுப்பா? நம் பங்காளி செல்லமுத்து போன வியாழன் பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்க வந்திருக்கிறார். நீ ஒரு கிடாரியின் மடியைப் பார்க்கக் குனிந்தாயாம். அப்புறம் நிமிரவில்லையாம். அந்தக் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் எழுந்தாயாம். "மாடு நல்ல சாதுவுங்க, இல்லீன்னா தம்பி அங்கியே படுத்திருப்பாரு" என்று என் வீட்டு வாசலில் நின்று சொல்கிறார். முகத்தில் என்ன வருத்தம் என்கிறாய்! அடுத்த நிமிஷமே, "தம்பிக்கு முடியலீன்னா நானும் ஒரு மொறையில மாமன்தானுங்களே" என்றார். அறுபது வயதிலும் தினம் காலையில் காவிரிக் கரையில் ஓடுகிறாராம். யார் கேட்டது?

கண்ணு, வீம்பு பிடிக்காதே. நடுமண்டபத்தில் நீயும் விழுந்து அவளும் விழுந்தால் என்ன செய்வேன்? வாய் திறந்து கத்தக்கூட எனக்கு வழியில்லை. ஆவணி பிறப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடு. அவள் எடையை எழுத மாட்டேன். கேட்டதே தப்பு.

கவலையுடன்,
அக்கா


பொள்ளாச்சி
22-6-2024

அக்காவுக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. மாடுகள் நலம். கலாமணி நலம். நானும் நலம் என்றுதான் எழுத நினைத்தேன்.

செல்லமுத்து தூக்கினால் நான் மண்டபத்து வாசற்படி ஏறமாட்டேன். அவர் ஓடட்டும், பறக்கட்டும். என் மருமகளை நான்தான் தூக்குவேன்.

சின்னப் பிடிப்பு இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். உட்கார்ந்தால் இடது தொடையில் சுருக்கென்று இழுக்கிறது. எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பும் எலும்புக்கு நடுவில் உள்ள தட்டும் நன்றாக இருக்கின்றன, சதையில்தான் கோளாறு என்று கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அனுப்பினார். போனேன். அங்கே இருந்த பெண் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, விரலால் இடுப்புக்குக் கீழே ஒரு இடத்தை அமுக்கியது. அக்கா, அமுக்கியது அங்கே, வலித்தது தொடையில்! அங்கேதான் சதை முடிச்சு விழுந்திருக்கிறதாம். அதற்கு ஊசியாம்.

தலையைத் திருப்பிப் பார்த்தால், தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு கம்பி. மருந்துக் குப்பி இல்லை, ஒன்றும் இல்லை. "மருந்து எடுக்க மறந்துபோட்டியே அம்மணி" என்றேன். "இதுல மருந்தே கெடையாதுங்க. டிரை நீடிலிங். வெறும் ஊசி முடிச்சத் தொட்டாப் போதும், சதை தானா உட்டுக் குடுக்கும்" என்றது. மருந்து இல்லாத ஊசிக்கு எதற்கு இத்தனை பெரிய கிளினிக் என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் குத்திவிட்டது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் உள்ளே சதை படக்கென்று துள்ளியது பாருங்கள், தூண்டிலில் மாட்டின கெண்டை மாதிரி. நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

இரண்டு நாள் அடித்துப் போட்டது போல இருந்தது. மூன்றாம் நாள் காலை நானே குனிந்து செருப்பை மாட்டினேன். கலாமணி பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

தம்பி


கொடுமுடி
3-7-2024

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்து எழுதினேன் என்ற வரியை உன் மச்சானிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். சந்தோஷம்.

ஆனால் எனக்குச் சில வருத்தங்கள். முன்பின் தெரியாத பெண்ணை, அதுவும் வைத்தியம் பார்க்கிற பெண்ணை, "மறந்துபோட்டியே" என்று 'நீ' போட்டா பேசுவது? நம் பக்கத்தில் கன்றுக்குட்டியைக்கூட வாங்க போங்க என்று கூப்பிடுவோம். அடுத்த தடவை மரியாதையாகப் பேசு.

இன்னொன்று. உன் சொந்த மருமகள் அதே ஆர்.எஸ்.புரத்தில்தான் அதே வேலை பார்க்கிறாள். ஊர் பேர் தெரியாத கிளினிக்கில் போய்ப் படுத்திருக்கிறாய். உன் வாய் சொன்னது உன் காலை அவள் வாசலில் ஏற விடாது, தெரியும். நான் குத்திக்காட்டவில்லை. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை அவள் வந்தபோது, இந்த வெறும் ஊசி நல்லதுதானா என்று பொதுவாகக் கேட்டேன். நல்லதுதான், நானும் போடுகிறேன் என்றாள். "ஒருத்தர் போட்ட கூச்சல்ல ஆர்.எஸ்.புரமே கேட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யார் என்றேன். "பேஷண்ட் விசயமெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்மா" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். கல்யாணக் களை வந்துவிட்டது, காரணமில்லாமல் சிரிக்கிறாள்.

ஒன்று தெரியுமா? அவள் வேலை செய்வதை நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அங்கே போய் நான் என்ன செய்ய, எனக்குத்தான் எங்கும் வலி இல்லையே.

அக்கா


பொள்ளாச்சி
21-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆடி பிறந்து காற்று பேயாட்டம் போடுகிறது. மட்டை விழுந்து ஓடு உடைந்தது, தலை தப்பித்தது. மற்றபடி நலம்.

வாரம் ஒரு தடவை ஊசிக்குப் போகிறேன். வீட்டில் பயிற்சியும் உண்டு. தரையில் மல்லாந்து படுத்து இடுப்பை மட்டும் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். போன வாரம் தொழுவத்துக்குப் பக்கத்தில் செய்தபோது கன்றுக்குட்டி வந்து முகத்தை நக்கிவிட்டது. கலாமணி அதைப் போனில் படம் பிடித்துவிட்டாள். யாருக்கெல்லாம் அனுப்பினாள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது.

ஒரு தப்பு நடந்துவிட்டது. வலி முக்கால்வாசி போனதும் கை துருதுருத்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு கொப்பரை மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கினேன். இரண்டடி வைத்தேன். அப்புறம் மூட்டையும் நானும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டோம்.

கிளினிக்கில் அந்தப் பெண் திட்டியது இருக்கிறதே! "முடிச்சு அவுந்தா மட்டும் போதுமுங்களா? சதைக்குப் பலம் ஏற வேண்டாமுங்களா? ஆரக் கேட்டுத் தூக்குனீங்க?" கை இரண்டும் இடுப்பில், ஒரு புருவம் மேலே. எனக்கு அப்படியே உங்களைப் பார்த்தது போல இருந்தது. ஏழு வருஷத்துக்கு அப்புறம் உங்களிடம் திட்டு வாங்கிய மாதிரி ஒரு திருப்தி. சிரித்துவிட்டேன். அதற்கும் திட்டு.

நான் தேறிவிடுவேன். செல்லமுத்துவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

தம்பி


கொடுமுடி
30-7-2024

தம்பிக்கு,

நலம். நலமா?

நேற்று அக்ஷயாவின் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு பாட்டில். திறந்தால் ஜாதிக்காய்த் தொலி ஊறுகாய். நல்லெண்ணெய் ஊற்றி, வெல்லம் ஒரு துண்டு தட்டிப் போட்டு, இந்தக் கொங்கு நாட்டில் ஒரே ஒருத்திதான் இதைப் போடுவாள். அவள் பெயர் கலாமணி. ஆர்.எஸ்.புரத்தில் எந்தக் கடையில் இது விற்கிறது என்று நீயே சொல்.

பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை இடுப்பில், புருவம் மேலே. பேஷண்ட் விஷயம். நீ அவளை 'நீ' போட்டுப் பேசியது. எல்லாம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. எவ்வளவு மரமண்டை நான்! அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. உன் மச்சான் பயந்துபோய் டம்ளரில் தண்ணீரோடு நின்றார்.

நான் கண்டுபிடித்ததை அவளிடம் சொல்லவில்லை. பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன், கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான்.

தம்பி, எனக்கு ஒன்றே ஒன்று எழுது. அவள் எப்படி வேலை செய்கிறாள்?

அக்கா


பொள்ளாச்சி
11-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிடிபட்டுவிட்டேன். கலாமணி ஊறுகாய் கொடுக்கும்போதே வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

வேண்டுமென்றே அவளிடம் போகவில்லை அக்கா. எலும்பு டாக்டர் அனுப்பிய இடத்தில் கதவைத் திறந்தால் வெள்ளைக் கோட்டில் இவள் நிற்கிறாள். திரும்பி ஓடலாம் என்றால் இடுப்பு திரும்பவில்லை. "வாங்க மாமா, குப்புறப் படுங்க" என்றாள், ஏதோ நான் வாரா வாரம் வருகிறவன் மாதிரி. "வீட்ல சொல்லலாமுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து உங்களிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. சொல்லாததற்கு அவளைத் திட்டாதீர்கள்.

எப்படி வேலை செய்கிறாள் என்று கேட்டீர்கள். எழுதத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். முதலில் பேசமாட்டாள். நான் நடப்பதைப் பார்ப்பாள், செருப்பு தேய்ந்திருப்பதைக்கூடப் பார்ப்பாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுவாள். நானே அறியாத வலி ஒன்று அங்கே ஒளிந்திருக்கும். ஊசி இறங்குவதற்கு முன்னால் "மூச்ச உடுங்க" என்பாள். அந்தக் குரலைக் கேட்டாலே பாதி பயம் போய்விடும். போன தடவை மூட்டை தூக்குகிற லாரிக்காரர் ஒருவர், கழுத்தே திரும்பாமல் வந்தவர், போகும்போது திரும்பித் திரும்பி அவளைக் கும்பிட்டுக்கொண்டே போனார். "எங்க மருமவளுங்க" என்று சொல்லவேண்டும் போல நாக்கு தவித்தது. சொல்லியும்விட்டேன். வரவேற்பில் இருந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நான் அன்றைக்குக் கோயிலில் சொன்னதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அதைப் பற்றி இங்கேயும் வேண்டாம்.

ஆனால் தூக்குவதற்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. இப்போது தவிட்டு மூட்டையை முழங்கால் மடக்கித் தூக்கிப் பழக்குகிறாள். ஆவணி இருபத்தைந்தில் கடைசிச் சோதனை. அதில் தேறவில்லை என்றால் அவளே செல்லமுத்துவைக் கூப்பிட்டுவிடுவாளாம். அவள் எடையை அவளிடமே கேட்டேன். அது பேஷண்டுக்குச் சொல்லக்கூடாதாம்.

தம்பி


கொடுமுடி
24-8-2024

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக் காட்டிவிட்டேன். நான்காவதாகத் தபால்காரர் தானே கேட்டார்.

இங்கே பத்திரிகை வைக்கிற அலைச்சல். கால் வீங்கிவிட்டது, ஆனால் வலி தெரியவில்லை. செல்லமுத்து நேற்று வந்து, எந்த வேட்டி கட்டினால் தூக்க வாகாக இருக்கும் என்று என்னிடமே கேட்கிறார். என் தம்பி இருக்கிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அக்ஷயாவிடம் பேச்சுவாக்கில், "மாமன் தூக்காட்டிப் போகட்டும், வந்து நின்னாப் போதும்" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஊமையாட்டம் நிக்க, நான் நடுவுல தாலி கட்டிக்கோணுமுங்களா?" என்றாள். சத்தியத்தை என்ன செய்வது? சாமியிடம் விளையாட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவள் முகம் வாடியதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ தூக்கினாலும் தூக்காவிட்டாலும் வா.

அக்கா


பொள்ளாச்சி
11-9-2024

அக்கா,

ஒரு வரிதான். தேறிவிட்டேன்! மூன்று சுற்று, அதற்கு மேல் ஒரு அடி வைக்கக்கூடாது என்று கண்டிப்பு. முதல் நாளே வாரேன். செல்லமுத்துவுக்குப் பந்தியில் நல்ல இடமாகப் பார்த்து வையுங்கள்.

தம்பி


கொடுமுடி
21-9-2024

அன்புள்ள என் தம்பிக்கு,

கல்யாணக் களைப்பு இன்னும் தீரவில்லை. எல்லாரும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக ஊர் சேர்ந்ததைப் போனில் கேட்டேன். தினம் மூன்று தடவை போனில் பேசிவிட்டு ஏன் கடிதம் என்று உன் மச்சான் கேட்கிறார். கையும் கொஞ்சம் பேசட்டும் என்றேன்.

நீ அவளைத் தூக்கினபோது உன் மச்சான் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, பூக்கூடையைத் தூக்குவது போலத் தூக்கினாய். முதல் சுற்று, இரண்டாவது சுற்று, ஒரு தடுமாற்றம் இல்லை. செல்லமுத்துகூடக் கை தட்டினார். மூன்று முடிந்து மணைக்கு எதிரே வந்தாய். இறக்கப் போகிறாய் என்று நான் கண்ணைத் துடைத்தேன். நீ இறக்காமல் மறுபடியும் கிளம்பிவிட்டாய்! சீர் நடத்துகிற அருமைக்காரர் கையை நீட்டியபடி நிற்கிறார். நாதஸ்வரக்காரர் நிறுத்துவதா வேண்டாமா என்று விழிக்கிறார். எனக்கு எங்கிருந்து அந்தச் சத்தம் வந்தது என்றே தெரியவில்லை.

"டேய் தம்பி! மூணு ஆச்சுடா! எறக்குடா கண்ணு, இடுப்புடா!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நீயும் திரும்பி, "சும்மா இருங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாய். அப்போதுதான் நான் பேசிவிட்டது எனக்கே உறைத்தது. ஏழு வருஷம்! கலாமணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அக்ஷயா உன் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்து நானும் ஓவென்று அழுதுவிட்டேன்.

சத்தியம் மீறினதற்குக் குலதெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டு, வருகிற அமாவாசைக்குப் பொங்கல் வைக்கிறேன். நீயும் வரவேண்டும். மதன்குமார் வீட்டில் இனி அவர்கள் பெண்களுக்கும் நாலு சுற்றுதான் என்று முடிவு செய்துவிட்டார்களாம். நம் பக்கம் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் சொல். எண்ணிக்கை தவறிவிட்டதா கண்ணு?

உன் அக்கா


பொள்ளாச்சி
28-9-2024

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இங்கே நலம். இடுப்பு நலம். தொடை நலம். பொங்கலுக்குக் கண்டிப்பாக வருகிறோம். இதைப் போனில் சொல்லியிருப்பேன், நீங்கள் கத்துவீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எண்ணிக்கை தவறவில்லை அக்கா. மூன்று முடிந்ததும் இறக்கத்தான் முழங்காலை மடக்கினேன். அப்போது அவள் என் காதில், "எறக்காதீங்க மாமா, இன்னொரு சுத்துப் போங்க" என்றாள்.

"மூணுக்கு மேல கூடாதுன்னு நீதான கண்ணு சொன்னே?"

"வைத்தியம் பாத்தவளே சொல்றேன், போங்க. மூணோட எறக்குனா அம்மா கண்ணத் தொடச்சுட்டு சும்மா நின்னுக்குவாங்க. நாலாவதுக்கு அடியெடுத்து வெச்சுப் பாருங்க, வாயத் தொறந்துபோடுவாங்க."

நான் அடியெடுத்து வைத்தேன். நீங்கள் திறந்தீர்கள்.

அவள் அழவில்லை அக்கா. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் தம்பி,
தம்பிதுரை